சாரல் மாதத்திலும் மார்கழியிலும் வென்னி: உங்கள் மீட்டர் என்ன சொல்கிறது?

(கடையநல்லூரில் மின் நுகர்வோருக்கான கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வெளியே சாரல் அடிக்குது, அதையும் பார்க்காம வந்திருக்கீங்க. நன்றி. பேச்சை நீட்டப் போறதில்லை. ஆனா கொஞ்சம் கணக்கு போடுவேன், அதனால செல்போனைக் கையில வெச்சுக்குங்க. கால்குலேட்டரும் வேணும், கேமராவும் வேணும்.

"குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைப்பது எப்படி" என்று பேசச் சொன்னாங்க. கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடையநல்லூரில் யார் வீட்டைச் சூடாக்குறாங்க? பங்குனி, சித்திரையில் வீட்டைக் குளிர வைக்கத்தானே நாம படாத பாடு படுறோம்! ஆனா யோசிச்சுப் பார்த்தா விஷயம் இருக்கு. ஆனியில் தென்மேற்குப் பருவம் தொடங்கினதும் செங்கோட்டைக் கணவாய் வழியா காத்து சீறிக்கிட்டு வரும். குற்றாலத்தில் தண்ணி விழும், நமக்குச் சாரல் விழும். துணி காயாது, தரை ஈரமா இருக்கும், தொட்டித் தண்ணி சில்லுனு இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அப்புறம் மார்கழிப் பனி. சுபுஹு தொழுகைக்கு ஒளு செய்யப் போறவங்களுக்கும், விடியலில் கோயிலுக்குக் கிளம்புறவங்களுக்கும், சபரிமலைக்கு மாலை போட்டவங்களுக்கும், அஞ்சு மணிக்கு டியூஷனுக்குப் போற பிள்ளைக்கும் அந்தத் தண்ணியோட குளிர் தெரியும். நம்ம ஊரில் குளிர்காலச் செலவு என்பது பெரும்பாலும் வென்னிச் செலவுதான். அதனால அதைத்தான் முக்கியமாகப் பேசப் போறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வீட்டு விஷயம்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பெண் பிரசவமாகி வந்திருந்தது. பிள்ளை பிறந்து ரெண்டு வாரம்கூட ஆகலை. நல்ல சாரல். பச்சைப் பிள்ளைக்குக் குளிருமே என்று, அந்த வீட்டுப் பெரியவங்க பழைய வழக்கப்படி ஒரு சட்டியில் கங்கு அள்ளி அறைக்குள் வெச்சிருக்காங்க. காத்து வராமல் இருக்க ஜன்னலைச் சாத்தி, கதவடியில் சாக்கும் போட்டாச்சு. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளைத்தாய்ச்சி தலையை வலிக்குது, குமட்டுது என்று சொல்லியிருக்கு. "பிரசவ உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுட்டாங்க. நல்லவேளை, பார்க்க வந்த ஒரு அத்தை உள்ளே நுழைந்ததும், "என்ன இப்படி அடைச்சு வெச்சிருக்கீங்க!" என்று கதவு ஜன்னலை எல்லாம் திறந்து, தாயையும் பிள்ளையையும் தார்சாவுக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாங்க, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அந்த அத்தை அன்னைக்கு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமா இருக்கு.

கங்கோ, அடுப்புக்கரியோ காத்துப் போதாத இடத்தில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்கிற வாயு வரும். அதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம்ம ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, அப்புறம் தூக்கம். தூங்கினவங்க எழுந்திருக்க மாட்டாங்க. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சுற்றுலா போனவங்க, கோழி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வெச்சுத் தூங்கி உயிரை விட்ட செய்தியை நீங்களும் படிச்சிருப்பீங்க. புகை தெரியலையே என்று ஏமாறக்கூடாது. புகை அடங்கின கங்குதான் இன்னும் மோசம், ஏன்னா ஆபத்து இருப்பதே தெரியாது. அறைக்குள் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிச்சா முதலில் கதவைத் திறந்து வெளியே வாங்க. அப்புறம் 108.

அப்போ பச்சைப் பிள்ளைக்கு என்ன செய்வது? தாயோட நெஞ்சுதான் பிள்ளைக்கு நல்ல சூடு. எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனமே சொல்லும் முறை அது. தாயோட தோல் பிள்ளை தோலில் படும்படி அணைச்சு, மேலே ஒரு துணியால் சுற்றி வைப்பது. கங்காரு பராமரிப்பு என்று ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காவே கற்றுக்கொடுப்பாங்க. தலைக்குக் குல்லா, காலுக்கு உறை. சாம்பிராணி போட ஆசைப்பட்டால் பிள்ளை இல்லாத நேரத்தில், ஜன்னலைத் திறந்து வெச்சுப் போடுங்க. சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

பெரியவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். வயசான அப்பாவுக்குக் குளிருது என்று வெளிநாட்டில் இருக்கிற மகன் ரூம் ஹீட்டர் வாங்கி அனுப்பி வைப்பார். பாசம் பெருசுதான், மறுக்கலை. ஆனா அது 2000 வாட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட். ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் 16 யூனிட். ஒரு ரப்பர் பையில் ரெண்டு லிட்டர் வென்னி ஊற்றி, துண்டில் சுற்றிக் காலடியில் வைக்க ஆகிற கரண்ட் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். (இந்தப் பையைப் பச்சைப் பிள்ளை பக்கத்தில் வைக்காதீங்க. சர்க்கரை நோயால் கால் மரத்தவங்களுக்கும் வேண்டாம், சுட்டால் அவங்களுக்குத் தெரியாது.) நம்ம வீட்டில் குளிர் வருவது காத்திலும் தரையிலும்தான். மேற்குப் பக்க ஜன்னலைச் சாத்தி, கிழக்குப் பக்கத்தைக் கொஞ்சம் திறந்து வைங்க. டைல்ஸ் தரையில் வெறும் பாயில் படுக்காமல் கட்டிலில் படுக்க வைங்க, இல்லைன்னா பாய்க்குக் கீழே ஒரு கனத்த ஜமுக்காளம் விரிங்க. மேலே இருக்கிற வெண்டிலேட்டரை மட்டும் அடைக்காதீங்க, சமையலறையில் எப்பவும் அடைக்காதீங்க. பனி கொட்டுகிற நாடுகளில் வீடு கட்டும்போதே சுவருக்குள் பஞ்சு வைத்துக் கட்டுறாங்க. நமக்கு அது தேவையில்லை, நம்ம குளிர் ஒரு போர்வைக்கு அடங்குகிற குளிர்.

சரி, வென்னிக்கு வருவோம்.

ஒரு வாளி 15 லிட்டர் என்று வெச்சுக்குவோம். தொட்டித் தண்ணி 24 டிகிரி. குளிக்க 40 டிகிரி போதும், அதுக்கு மேல போனா தோல் வறண்டு போகும். 16 டிகிரி ஏற்ற வேண்டும். இதுக்கு ஆகும் மின்சாரம் ஏறத்தாழ 0.28 யூனிட். ராடில் காய்ச்சினாலும், கீசரில் காய்ச்சினாலும், பிராண்டு எதுவானாலும் இதுக்குக் கீழே போகாது. தண்ணியின் குணம் அது. "இந்தக் கீசர் பாதிக் கரண்டில் ஓடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஹீட் பம்ப் என்று ஒண்ணு இருக்கு, அது காத்தில் இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணிக்குக் கொடுக்கிறதால மூணில் ஒரு பங்கு கரண்டில் வேலையை முடிக்கும். அது விலை கூடுதல், லாட்ஜ், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களுக்குத்தான் கட்டுப்படி ஆகும்.

வீட்டில் நாலு பேர், ஆளுக்கு ஒரு வாளி. ரெண்டு மாசத்துக்கு 60 நாள். 0.28 பெருக்கல் 4 பெருக்கல் 60. போட்டுப் பாருங்க. 67 யூனிட் வருதா? 67 யூனிட் என்றால் என்ன பெரிய காசு என்று தோணும். இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கு.

2024 ஜூலை 1 முதல் வந்த வீட்டுக் கட்டணத்தை வெச்சுப் போடுறேன். கட்டணம் மாறியிருந்தால் உங்க பில்லில் இருப்பதைப் போட்டுக்குங்க, கணக்கு முறை அதேதான். ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 பைசா, 400 வரை 4 ரூபாய் 70, 500 வரை 6 ரூபாய் 30. மொத்தம் 500-ஐத் தாண்டிட்டால், 101-லிருந்தே 4 ரூபாய் 70 ஆகிவிடும். 500-க்கு மேல் 600 வரை 8 ரூபாய் 40.

முதல் வீடு: வழக்கமாக 180 யூனிட், பில் 188 ரூபாய். வென்னிக்கு 67 கூடி 247 ஆகுது. பில் 455 ரூபாய் 90 பைசா. 268 ரூபாய் கூடியிருக்கு. ரெண்டாவது வீடு, ஃபிரிட்ஜ், மோட்டார், ஏசி எல்லாம் உண்டு, வழக்கமாக 460 யூனிட், பில் 1,553 ரூபாய். அதே 67 கூடி 527 ஆகுது. பில் 2,266 ரூபாய் 80 பைசா. 714 ரூபாய் கூடுதல்! அதே நாலு வாளி, அதே தண்ணி. ஆனா இந்த வீட்டில் வென்னியின் ஒவ்வொரு யூனிட்டும் 10 ரூபாய் 65 பைசா ஆகியிருக்கு. பில் பார்த்துட்டு "மீட்டர் ஓடுது" என்று சண்டைக்கு வருவாங்க. பல நேரம் மீட்டரில் கோளாறு இல்லை, 500 என்கிற கோட்டைத் தாண்டினதுதான் காரணம்.

இப்போ போனை எடுங்க. இன்னைக்கு உங்க மீட்டரைப் போட்டோ பிடிங்க. கடைசி பில்லில் இருக்கிற ரீடிங்கைக் கழிச்சால் இதுவரைக்கும் ஓடினது தெரியும். எத்தனை நாள் மீதி என்று பார்த்துக்குங்க. வாரம் ஒரு போட்டோ போதும். மின்வாரியத்தின் செயலியிலும் இணையதளத்திலும் உங்க இணைப்பு எண்ணைப் போட்டால் பழைய பில்கள் வரும், கட்டணக் கணக்கீட்டுப் பகுதியும் இருக்கு, யூனிட்டைப் போட்டால் ரூபாய் சொல்லும். போன வருஷம் ஆனி, ஆடியில் எவ்வளவு, மாசியில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் கவனம். "இன்று இரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த லிங்க்கை அழுத்துங்கள்" என்று வரும் மெசேஜ் மோசடி. அதில் வரும் செயலியை ஏற்றாதீங்க. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930.

குறைப்பது எப்படி என்று கேட்டால், கீசர் வீட்டில் முதல் குற்றவாளி மறதிதான். 15 லிட்டர் கீசர், 2 கிலோவாட் என்றால் 24-லிருந்து 60 டிகிரிக்குப் போக 20 நிமிஷம் போதும். அதில் பச்சைத் தண்ணி கலந்தால் ரெண்டு வாளிக்கு மேல் வரும். ராத்திரியே போட்டு வெச்சால் சூடு வெளியேறிக்கிட்டே இருக்கும், அது திரும்பத் திரும்பக் காய்ச்சிக்கிட்டே இருக்கும். புதுசு வாங்குறவங்க நட்சத்திர லேபிளைப் பாருங்க. நாள் முழுக்கப் போட்டு வெச்சால் எத்தனை யூனிட் வீணாகும் என்கிற அளவை வெச்சுத்தான் கீசருக்கு நட்சத்திரம் கொடுக்குறாங்க. ஒருத்தர் குளிச்சதும் அடுத்தவர் குளிச்சால் நல்லது. அப்புறம் ஷவர். அருவியில் குளிச்சு வளர்ந்த ஊர்க்காரங்க, வீட்டிலும் குற்றாலம் வேணும் என்று வென்னி ஷவருக்குக் கீழே நிற்பாங்க. பத்து நிமிஷத்தில் மூணு வாளி போய்விடும்.

ராடு வீட்டில் 1500 வாட் ராடுக்கு ஒரு வாளிக்கு 11 நிமிஷம். போனில் 11 நிமிஷத்துக்கு அலாரம் வைங்க. ராடுக்குத் தானாக நிற்கத் தெரியாது. வோல்டேஜ் குறைவாக இருந்தால் கூடுதல் நேரம் பிடிக்கும், 190 வோல்ட்டில் அந்த 1500 வாட் ராடு ஆயிரத்துச் சொச்சம் வாட்தான் இழுக்கும். அதுக்காக யூனிட் பெருசாகக் கூடாது, நேரம்தான் கூடும்.

கேஸ் அடுப்பில் காய்ச்சினால் லாபமா என்று எப்பவும் கேட்பாங்க. ஒரு வாளிக்கு 32, 33 கிராம் கேஸ் ஆகும், அதுவும் பாத்திரத்தை மூடி வெச்சால். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வெச்சுக்கிட்டால் வாளிக்கு 2 ரூபாய். கரண்டில் 4.70 ரூபாய்ப் படியில் இருக்கிற வீட்டுக்கு 1 ரூபாய் 30 பைசா. ஆக முதல் வீட்டுக்குக் கரண்ட் லாபம், ரெண்டாவது வீட்டுக்கு, 500-ஐத் தாண்டும் நிலையில், கேஸ் லாபம். எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

புறவாசலில் இடம் இருக்கிறவங்க தென்னை மட்டை, கதம்பை, சிரட்டை போட்டு அண்டாவில் காய்ச்சுறாங்க. கூரைக்குக் கீழே இல்லாமல் வெளியே வெச்சால் அதில் தப்பில்லை, காசும் மிச்சம். ஆனா அந்தப் புகையை ஊதுவது யார்? வீட்டில் இருக்கிற பெண்கள்தான். அதையும் செலவில் சேர்த்துக்குங்க. அண்டாவுக்கு மூடி போடுங்க. வெயில் இருக்கிற நாளில் மொட்டை மாடிக் கருப்புத் தொட்டியில் சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணி தானாகவே சுடும். பிள்ளைகளை அந்த நேரத்தில் குளிப்பாட்டினால் ஒரு பைசா செலவில்லை.

சூரிய வெந்நீர்க் கருவி நாலு பேருக்கு 100 லிட்டர் போதும். போர் தண்ணி உப்பாக இருந்தால் கண்ணாடிக் குழாய் உள்ளது தேவலை, செம்புக் குழாய்த் தகடு உள்ளதில் உப்பு படிஞ்சு அடைச்சுக்கும். ஆனா நம்ம ஊருக்கு ஒரு சங்கடம் இருக்கு, மறைக்காமல் சொல்றேன். எந்த மாசம் வென்னி அதிகம் தேவையோ, அந்தச் சாரல் மாசத்தில்தான் வெயில் குறைவு. வருஷம் முழுக்க வென்னியில் குளிக்கிற வீட்டுக்குத்தான் அது சரி. ரெண்டு மாசத்துக்கு மட்டும் என்றால் வேண்டாம். இதையும் பி.எம். சூரிய கர் திட்டத்தையும் பலர் குழப்பிக்கிறாங்க. 2024 பிப்ரவரியில் வந்த அந்தத் திட்டத்தின் மானியம் மின்சாரம் தயாரிக்கும் சோலார் தகடுக்கு. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் மேலேயும் 78,000 ரூபாய். வென்னிக் கருவிக்குக் கிடையாது. ஆனா 500-ஐத் தாண்டுகிற வீடுகள் அதை யோசிக்கலாம். 1 கிலோவாட் நல்ல வெயிலில் நாளைக்கு 4 யூனிட் அளவுக்குத் தரும். விண்ணப்பத்தைத் திட்டத்தின் தேசியத் தளத்திலேயே போடுங்க, அதில் பதிவான நிறுவனங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கு.

காசை விடுங்க, கடைசியா உயிர் விஷயம் ஒண்ணு. ராடு.

1500 வாட் ராடு ஆறரை ஆம்பியர் இழுக்கும். டிவிக்கும் சார்ஜருக்கும் இருக்கிற சின்ன பிளக் 6 ஆம்பியருக்குத்தான். அதில் ராடைச் செருகினால் பிளக் கருகும், தினமும் பார்க்கிறோம். 16 ஆம்பியர் பெரிய பிளக், எர்த்தோடு. அடாப்டர், எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டவே வேண்டாம். இரும்பு, எவர்சில்வர் வாளியில் ராடு போடாதீங்க, ராடில் கசிவு இருந்தால் வாளி முழுக்கக் கரண்ட். கனமான பிளாஸ்டிக் வாளியில், ராடு ஓரத்தில் படாமல் வைங்க. தண்ணிக்குள் வெச்ச பிறகு சுவிட்ச். எடுக்கும்போது சுவிட்ச், அப்புறம் பிளக்கையே உருவி, அப்புறம்தான் ராடு. சூடு பார்க்க விரலை விடுகிற பழக்கம்தான் நிறையப் பேரைக் கொன்றிருக்கு. பிளக்கை உருவாமல் விரல் தண்ணியில் படக்கூடாது. ஈரக் காலோடு நிற்காதீங்க, செருப்புப் போட்டுக்குங்க. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் குளியலறைக்குள்ளேயே ராடு போடாதீங்க.

மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. இருக்கா என்று இன்னைக்கே பாருங்க. ஈ.எல்.சி.பி., டிரிப்பர் என்று நம்ம எலக்ட்ரீஷியன்கள் சொல்வாங்க. உடம்பு வழியாகக் கரண்ட் கசிந்தால் கண் மூடித் திறப்பதற்குள் லைனை அறுத்துவிடும். மின்வாரியமும் எல்லா வீட்டிலும் பொருத்தச் சொல்லுது. சாதாரண எம்.சி.பி. இந்த வேலையைச் செய்யாது, அது ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான். ஆர்.சி.டி.யில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவை அமுக்குங்க. உடனே விழுந்தால் நல்லது. விழாவிட்டால் மாற்றுங்க.

நானும் ஒரு தடவை சந்தைக் கடையில் விலை குறைச்சல் என்று ராடு வாங்கினவன்தான். ஒரே மாசத்தில் வெடிச்சுது, நல்லவேளை ஆர்.சி.டி. விழுந்தது. அதுக்கப்புறம் ஐ.எஸ்.ஐ. பார்க்காமல் வாங்குறதில்லை. ராடுக்கு ஐ.எஸ். 368, கீசருக்கு ஐ.எஸ். 2082. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல் என்று ஒரு உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்கிற அரசுச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால், யாருக்குக் கொடுத்த உரிமம், இன்னும் நடப்பில் இருக்கா என்று கடையில் நின்றபடியே பார்க்கலாம். போலி என்றால் அதிலேயே புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915-ம் இருக்கு.

கேஸ் கீசர் வெச்சிருக்கிறவங்க, அதைக் குளியலறைக்கு வெளியே சுவரில் மாட்டி, வென்னியை மட்டும் குழாயில் உள்ளே கொண்டு வாங்க. உள்ளே மாட்டினால், முதலில் சொன்ன அதே வாயுதான். கேஸ் கசிந்தால் 1906. கரண்ட் புகாருக்கு மின்னகம், 94987 94987, எந்த நேரமும் எடுப்பாங்க. இந்த எண்களை இங்கேயே போனில் பதிஞ்சுக்குங்க.

பின்னாடி ஒரு அம்மா கையைத் தூக்குறாங்க. "வாடகை வீடு, ஆர்.சி.டி.யை யார் போடுவது?" என்று கேட்குறாங்க. நியாயமான கேள்வி. வீட்டுக்காரரிடம் கேளுங்கம்மா. தயங்கினால் பாதிப் பாதி என்று பேசுங்க. அதுவும் நடக்கலைன்னா, அது பொருத்துகிற வரைக்கும் ராடை எடுத்துப் பரணில் போட்டுட்டு, அடுப்பிலேயே வென்னி வைங்க. வாளிக்கு 2 ரூபாய்தான்.